காட்டுத் தீயால் நஷ்டமடைந்தோருக்கு வரி நிவாரணம்: அமெரிக்க ஐக்கிய நாடுகளில் கையாளப்படும் முறைகள்

வெள்ளம், வறட்சி, புயல், தீ ஆகிய நான்கும் பயிர்த்தொழிலுக்குப் பழம் பகைகளாகும். இவற்றுள் முதல் மூன்றும் பெரும்பாலும் ஒரு போகத்தின் விளைவைக் கெடுத்துச் செல்வன. தீயோ பயிரோடு நில்லாது, வீடு, களஞ்சியம், வேலி, கால்நடை, கருவி, பல்லாண்டு பேணி வளர்த்த மரம் ஆகிய எல்லாவற்றையும் ஒரே இரவில் சாம்பலாக்க வல்லது. இவ்வாறு முதலையே இழந்து நிற்கும் குடியானவரிடம் அடுத்த தவணை வரியைக் கேட்பது நியாயமாகுமா? கேளாது விடுவதாயின், யாரிடம், எவ்வளவு, எத்தனை காலத்துக்கு என்பதை எவ்வாறு நிர்ணயிப்பது? காட்டுத் தீ அடிக்கடி நேரும் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இக்கேள்விகளுக்குச் சட்டத்தின் மூலம் விடை காண முயன்றிருக்கின்றனர். அம்முறைகளை நம் நிலச்சுவான்தார்களும் கிராம உத்தியோகஸ்தர்களும் அறிந்துகொள்வது நலமாகும். நிவாரணம் என்ற ஒரே பெயரால் வழங்குவன பல வகைப்பட்டவை என்பதும், அவற்றுள் எதுவும் கணக்கும் காலமும் தவறியவருக்கு எளிதில் எட்டுவதில்லை என்பதும் இவ்வியாசத்தால் விளங்கும்.

1925-ம் ஆண்டல்ல, 2025-ம் ஆண்டில் நேர்ந்தது

கலிபோர்னியா ராஜ்யத்தின் தென்பகுதியில் குளிர்காலத்தில்தான் மழை பெய்வது வழக்கம். 2024-ம் ஆண்டு மே மாதத்துக்குப் பின் அங்கே குறிப்பிடத்தக்க மழை இல்லை. அதற்கு முந்திய இரண்டு குளிர்காலங்களிலும் மழை மிகுதியாயிருந்தமையால் புல்லும் புதரும் செழித்து வளர்ந்து, பின்னர் முற்றும் காய்ந்து கிடந்தன. இந்நிலையில், உள்நாட்டுப் பாலை நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும் 'சாண்டா ஆனா' என்னும் வறண்ட காற்று மணிக்கு 80 மைலுக்கும் மேற்பட்ட வேகத்தில் அடிக்கலாயிற்று. 2025-ம் ஆண்டு ஜனவரி 7-ந் தேதி லாஸ் ஏஞ்சலீஸ் கவுண்டியில் பாலிஸேட்ஸ் தீ என்றும் ஈட்டன் தீ என்றும் பெயர் பெற்ற இரு பெருந்தீக்கள் மூண்டன. முதலாவது சுமார் 23,000 ஏக்கரையும், இரண்டாவது சுமார் 14,000 ஏக்கரையும் எரித்தன. இரண்டாலும் 16,000-க்கு மேற்பட்ட கட்டிடங்கள் அழிந்தன. ஜனவரி 31-ந் தேதியன்றுதான் அவை முற்றும் கட்டுக்குள் வந்தன. கவுண்டி என்பது ஏறக்குறைய நம் ஜில்லாவைப் போன்ற நிர்வாகப் பகுதியாகும்.

ஜனவரி 8-ந் தேதி ஜனாதிபதி இதனைப் பெரும் விபத்தாகப் பிரகடனம் செய்தார். இப்பிரகடனமே பின்வரும் மத்திய சர்க்கார் உதவிகளிற் பெரும்பாலானவற்றுக்கு வாயிலாகும். பிரகடனம் இல்லாதவிடத்து, ஒரு தனி மனிதரின் வீடு எரிந்ததும் ஓர் ஊரே எரிந்ததும் அவரவர் துயரத்தில் ஒன்றேயாயினும், சட்டத்தின் கண்ணில் வேறு வேறாகும்.

ஒத்திவைப்பு வேறு, வஜா வேறு

கிஸ்தியை ஒத்திவைப்பதும் கிஸ்தியை வஜா செய்வதும் ஒன்றல்ல என்பதை நம் குடிகள் அனுபவத்தால் அறிவர். அமெரிக்காவிலும் இவ்வேற்றுமை உண்டு. தீக்குப் பின் முதலில் வந்தது ஒத்திவைப்பேயாகும்.

ஜனவரி 10-ந் தேதி மத்திய வருமான வரி இலாகா ஓர் அறிவிப்பை வெளியிட்டது. லாஸ் ஏஞ்சலீஸ் கவுண்டியில் வசிப்போரும் தொழில் நடத்துவோரும் 2025 ஜனவரி 7 முதல் அக்டோபர் 15 வரையிலான காலத்தில் தாக்கல் செய்ய வேண்டிய கணக்குகளையும், செலுத்த வேண்டிய வரிகளையும் அக்டோபர் 15-ந் தேதிக்குள் முடித்தால் போதும் என்பதே அதன் சாரம். சாதாரணமாக ஏப்ரல் 15-ந் தேதி கெடுவாகும் ஆண்டுக் கணக்கு இதில் அடங்கும். மொத்த வருமானத்தில் மூன்றில் இரண்டு பங்கேனும் பயிர்த்தொழிலிலிருந்து பெறுவோர், தவணை வரி கட்டாது மார்ச் முதல் தேதியை ஒட்டிக் கணக்கை ஒப்புவித்து முழுவதும் செலுத்தலாம் என்பது அந்நாட்டு விதி. அந்தத் தேதியும் மேற்படி காலத்துக்குள் விழுந்தமையால் அவர்களுக்கும் சலுகை கிட்டியது.

இச்சலுகைக்கு மனுச் செய்ய வேண்டியதில்லை. இலாகாவின் பதிவேட்டில் கவுண்டிக்குள் விலாசம் உடையவர்க்கு அது தானே வந்தது. வெளியே வசித்து, கணக்குப் புத்தகங்களை மட்டும் கவுண்டிக்குள் வைத்திருந்தவரும் இலாகாவுக்கு அறிவித்து அதைப் பெறலாம். கெடுவுக்குள் செலுத்தினால் வட்டியும் அபராதமும் இல்லை. ஆயினும் வரித் தொகையில் ஒரு காசும் குறையவில்லை. ஒத்திவைப்பை வஜாவென மயங்கி, அக்டோபர் மாதத்துக்கென்று பணம் எடுத்து வையாதவர்க்கு இரு சுமைகள் ஒருங்கே வந்து சேரும்: வீடு கட்டும் செலவு ஒரு புறம், நிலுவை வரி மறு புறம்.

நிலவரியும் வீட்டு வரியும்

நிலம், கட்டிடம் ஆகியவற்றின் மீதான வரியை அங்கே விதித்து வசூலிப்பது கவுண்டியாகும். கலிபோர்னியாவில் 1978-ம் ஆண்டு குடிகளின் வாக்கெடுப்பால் ஏற்பட்ட விதிப்படி, இவ்வரியின் அடிப்படை விகிதம் மதிப்பில் 100-க்கு 1. மதிப்பு என்பது பொதுவாக வாங்கிய காலத்து மதிப்பேயாம். அதனை ஆண்டுதோறும் 100-க்கு 2-க்கு மேல் உயர்த்தலாகாது. ஆகவே நெடுநாள் முன் வாங்கியவர் குறைந்த வரியே செலுத்தி வருவர்.

அந்த ராஜ்யத்தின் வருவாய்ச் சட்டத்தில் தீ முதலிய விபத்துக்கென ஒரு பிரிவு உண்டு. உடையவரின் குற்றமின்றி நேர்ந்த சேதம் 10,000 டாலருக்குக் குறையாதிருப்பின், அவர் 12 மாதத்துக்குள் மதிப்பீட்டு அதிகாரிக்கு விண்ணப்பம் செய்யலாம். அதிகாரி சேதத்தைப் பார்வையிட்டு மதிப்பைக் குறைப்பார். சேதம் நேர்ந்த மாதம் முதல், கட்டிடம் மீண்டும் எழும் வரையில், வரி அதற்கேற்பக் குறையும். இதுவே உண்மையான வஜாவாகும்.

ஓர் உதாரணத்தால் இதனை விளக்குவோம். ஒருவரது நிலத்தின் மதிப்பு 3,00,000 டாலர், வீட்டின் மதிப்பு 2,00,000 டாலர் எனக் கொள்வோம். ஆண்டு வரி நிலத்துக்கு 3,000, வீட்டுக்கு 2,000, ஆக 5,000 டாலர். வரியாண்டு ஜூலையில் தொடங்கி ஜூனில் முடிவது. ஜனவரியில் வீடு முற்றும் எரிந்துபோயின், ஜனவரி முதல் ஜூன் வரை ஆறு மாதத்துக்கு வீட்டு வரியில் பாதியாகிய 1,000 டாலர் நீங்கும். அடுத்த ஆண்டில் நிலத்துக்குரிய வரி மட்டுமே செலுத்த வேண்டும். பின்பு அவர் 5,00,000 டாலர் செலவில், முன்னிருந்த அளவிலும் வகையிலும் வீட்டைத் திரும்பக் கட்டினாலும், வரிக்குரிய மதிப்பு பழைய கணக்கையே ஒட்டியிருக்கும். அளவைப் பெரிதாக்கினால், அதிகப்படியான பகுதிக்கு மட்டும் புது மதிப்பு ஏற்படும். இவ்விதி இல்லையாயின், மறுபடி வீடு கட்டுபவர் புது வீடு கட்டியவராகக் கருதப்பட்டு, இரு மடங்குக்கு மேற்பட்ட வரிக்கு ஆளாவார். பல முதியோர் தம் நிலத்தை விற்றுவிட்டுப் போக நேரும்.

நிற்கும் பயிருக்கு அங்கே சொத்து வரி இல்லை. பழமரங்களுக்கு நட்ட பின் நான்கு ஆண்டுகளும், திராட்சைக் கொடிகளுக்கு மூன்று ஆண்டுகளும் வரி விலக்கு உண்டு. ஆகவே எரிந்த தோட்டத்தில் புதிதாக நடுபவருக்கு, அவை பலன் தரத் தொடங்கும் வரையில் அவற்றின் பேரில் வரிச் சுமை இராது.

தீக்குப் பின் ராஜ்ய கவர்னர் வேறோர் உத்தரவும் பிறப்பித்தார். தீப்பட்ட தபால் வட்டாரங்களில் சொத்து வரி தாமதத்துக்கான அபராதமும் வட்டியும் 2026 ஏப்ரல் வரை நிறுத்தி வைக்கப்பட்டன. இதுவும் ஒத்திவைப்பே. எரிந்த வீட்டுக்குரிய வரி குறைய வேண்டுமாயின், மேற்சொன்ன விண்ணப்பத்தைத் தனியே செய்தாக வேண்டும்.

வருமான வரியில் நஷ்டக் கணக்கு

பிரகடனம் செய்யப்பட்ட விபத்தில் இன்ஷ்யூரன்ஸால் ஈடுசெய்யப்படாத நஷ்டத்தை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ள மத்தியச் சட்டம் இடந்தருகிறது. அந்நஷ்டத்தை விபத்து நேர்ந்த ஆண்டின் கணக்கிலேனும், அதற்கு முந்திய ஆண்டின் கணக்கிலேனும், இரண்டில் எது நலமோ அதில் காட்டலாம். 2025 ஜனவரியில் நேர்ந்த நஷ்டத்தை 2024-ம் ஆண்டுக் கணக்கில் காட்டியவர், ஏற்கெனவே பிடித்தம் செய்யப்பட்ட வரியைத் திரும்பப் பெற்று உடனடிச் செலவுக்கு உபயோகிக்கக் கூடும்.

எனினும் நஷ்டம் என்பதை எவ்வாறு அளப்பது என்பதில்தான் பலர் ஏமாற்றமடைகின்றனர். சந்தை விலையோ, திரும்பக் கட்டும் செலவோ இங்கு அளவுகோல் அல்ல. தொழிலுக்குரிய பொருள் முற்றும் அழிந்தால், அடக்க விலையில் தேய்மானம் போக நின்ற தொகையே நஷ்டமாகும். ஒரு களஞ்சியம் 40,000 டாலருக்குக் கட்டப்பெற்று, 30,000 டாலர் தேய்மானம் முந்திய ஆண்டுகளில் கழிக்கப்பட்டிருந்தால், எஞ்சிய அடக்கம் 10,000 டாலரே. திரும்பக் கட்ட 80,000 டாலர் ஆகுமாயினும், கழிக்கத்தக்க நஷ்டம் 10,000 டாலருக்கு மேற்படாது. அது மட்டுமன்று. இன்ஷ்யூரன்ஸ் மூலம் 50,000 டாலர் கிடைத்தால், அவருக்கு 40,000 டாலர் லாபம் வந்ததாகக் கணக்காகும். களஞ்சியத்தை இழந்தவரே லாபத்துக்கு வரி கட்ட வேண்டியவராகிறார்! இதற்கும் சட்டத்தில் பரிகாரம் உண்டு. லாபம் கிடைத்த ஆண்டு முடிந்து இரண்டு ஆண்டுகளுக்குள் அத்தொகையைக் கொண்டு தொழிலுக்குரிய வேறு பொருளை அமைத்துக்கொள்பவர் அவ்வரியைத் தள்ளி வைக்கலாம். பிரகடனம் செய்த பகுதியில் அழிந்த குடியிருப்பு வீட்டுக்கு இக்காலம் நான்கு ஆண்டுகளாகும்.

சொந்தப் பண்ணையில் ஈன்று வளர்ந்த கன்றும், விளைந்து நின்ற பயிரும் அழிந்தால், பணவரவு முறையில் கணக்கு எழுதும் குடியானவர் அவற்றை நஷ்டமாகக் கழிக்க முடியாது. அவற்றை வளர்த்த தீவனச் செலவும் விதைச் செலவும் முன்னரே கழிக்கப்பட்டுவிட்டன என்பது சட்டம் கூறும் காரணம். கணக்கு நோக்கில் இது சரியே. ஆனால் ஓர் ஆண்டின் உழைப்பை இழந்தவருக்கு இவ்விடையால் ஆறுதல் உண்டாகாது. ஆகையால்தான் வரிச் சலுகையோடு நில்லாது நேரடி உதவியும் வேண்டியிருக்கிறது.

நஷ்ட ஈட்டின் மேல் வரி

2018-ம் ஆண்டு நவம்பர் 8-ந் தேதி கலிபோர்னியாவின் வடபகுதியில் பியூட் கவுண்டியில் மூண்ட 'காம்ப்' தீயில் 85 பேர் மாண்டனர். பாரடைஸ் என்னும் ஊர் ஏறக்குறைய முற்றும் அழிந்தது. பஸிபிக் வாயு மின்சாரக் கம்பெனியின் மின்கம்பிகளிலிருந்து அத்தீ தோன்றியதென விசாரணையில் தெளிந்தது. 2020-ம் ஆண்டில் கம்பெனி நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. அத்தீயாலும் வேறு சில தீக்களாலும் நஷ்டமடைந்தவர்க்கென 1,350 கோடி டாலர் மதிப்புள்ள ஏற்பாடு செய்யப்பட்டு, ஒரு தர்மகர்த்த நிதி நிறுவப்பெற்றது. அதில் பாதி ரொக்கம், பாதி கம்பெனியின் பங்குகள்.

இங்கே ஒரு விபரீதம் நேர்ந்தது. நஷ்ட ஈட்டின் பல பகுதிகள் வரிக்குரிய வருமானமாகக் கருதப்படக் கூடியனவாயிருந்தன. வக்கீல்களுக்குச் சென்ற பங்குகூட, அந்நாட்டு வழக்குத் தீர்ப்புக்களின்படி, நஷ்டமடைந்தவரின் வருமானமாகவே எண்ணப்படக் கூடும். கைக்கு வராத பணத்துக்கு வரி கட்டும் நிலை ஏற்பட்டது. தீ நேர்ந்து ஆறாண்டுகள் கழித்து, 2024 டிசம்பர் 12-ந் தேதி கையெழுத்தான மத்தியச் சட்டம் இக்குறையை நீக்கியது. 2014-ம் ஆண்டுக்குப் பின் பிரகடனம் செய்யப்பட்ட காட்டுத் தீக்களின் பொருட்டு, 2020-ம் ஆண்டு தொடக்கம் முதல் 2025-ம் ஆண்டு முடிவு வரையில் பெற்ற நஷ்ட ஈட்டுத் தொகைக்கு வருமான வரி இல்லை என அச்சட்டம் விதித்தது. முன்னரே வரி செலுத்தியவர் திருத்திய கணக்கை ஒப்புவித்து அதைத் திரும்பப் பெறவும் வழி ஏற்பட்டது. ஆயினும் அதற்கும் மனு வேண்டும். தாமே கேளாதவருக்குப் பணம் திரும்பவில்லை.

கால்நடை, வேலி, மேய்ச்சல் நிலம்

டெக்ஸாஸ் ராஜ்யத்தின் வடகோடியில் உள்ள 'பான்ஹாண்டில்' பகுதி மாடு வளர்ப்புக்குப் பேர் போனது. 2024 பிப்ரவரி 26-ந் தேதி அங்கே மூண்ட 'ஸ்மோக்ஹவுஸ் க்ரீக்' தீ 10 லட்சம் ஏக்கருக்கு மேல் எரித்து, அந்த ராஜ்யத்தின் சரித்திரத்திலேயே மிகப் பெரிய தீயாயிற்று. ஆயிரக்கணக்கான மாடுகள் மடிந்தன. புல்லும் வேலியும் நெடுந்தூரம் அழிந்தன.

இறந்த கால்நடைக்கு மத்திய விவசாய இலாகா, சராசரிச் சந்தை விலையில் 100-க்கு 75 வீதம் கொடுக்கும் திட்டம் ஒன்று உண்டு. பண்ணையிலேயே ஈன்ற கன்றுக்கும் இது கிடைக்கும். இதற்குத் தீக்கு முன் எத்தனை உருப்படிகள் இருந்தன என்பதற்கும், எத்தனை இறந்தன என்பதற்கும் அத்தாட்சி வேண்டும். வாங்கிய ரசீது, மிருக வைத்தியரின் பதிவு, தேதியிட்ட புகைப்படம் முதலியன அத்தாட்சியாகும். எரிந்த வேலியைத் திரும்ப அமைக்கவும் நிலத்தைச் சீர்திருத்தவும் ஆகும் செலவில் 100-க்கு 75 வரை வேறொரு திட்டத்தால் கிடைக்கும்.

டெக்ஸாஸில் 2019-ம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம் சொத்து வரிக்கு எளிய அளவொன்றை வகுத்திருக்கிறது. கவர்னர் பிரகடனம் செய்த பகுதியில், சேதம் 100-க்கு 15-க்குக் குறையாதிருந்தால் நான்கு படிகளில் தற்காலிக விலக்கு உண்டு. 15 முதல் 30-க்குள் சேதமாயின் மதிப்பில் 100-க்கு 15, 30 முதல் 60-க்குள்ளாயின் 30, அதற்கு மேலாயின் 60, முற்றும் அழிந்ததாயின் முழுவதும் நீக்கப்படும். ஆண்டில் எஞ்சிய நாட்களுக்கு மட்டுமே இது செல்லும். பிரகடனத்திலிருந்து 105 நாட்களுக்குள் விண்ணப்பம் செய்ய வேண்டும். இவ்விலக்கு நிலத்துக்கு உரியதன்று.

வரி செலுத்தாதவர் நிலை

வரிச் சலுகையால் பயன் பெறுவோர் வரி செலுத்துவோரே. வரி செலுத்தும் அளவுக்கு வருமானமில்லாது குடக்கூலி வீட்டில் இருந்தவரும், தோட்டத்தில் கூலி வேலை செய்தவரும் இழந்ததற்கு இதில் இடமில்லை. அவர்களுக்காக வேறு ஏற்பாடுகள் உள. மத்திய அவசர நிர்வாக இலாகா 2025-ம் ஆண்டுத் தீயில் வீட்டுச் செலவுக்கு அதிக பட்சம் 43,600 டாலரும், பிற தேவைகளுக்கு அதே அளவும் நன்கொடையாக அளிக்க விதி இருந்தது. வேலை இழந்த தொழிலாளிக்கும், சொந்தத் தொழில் நடத்தும் குடியானவருக்கும் பொதுவாக 26 வாரம் வரை உதவித் தொகை தரும் திட்டமும் உண்டு. பயிர்த்தொழில் நடத்துவோர் விவசாய இலாகாவில் 5,00,000 டாலர் வரை அவசரக் கடன் பெறலாம். கடனும் உதவியே, ஆயினும் அது திரும்பச் செலுத்த வேண்டியது என்பதை மறத்தலாகாது.

நாம் கவனிக்க வேண்டியவை

மேற்கூறிய சட்டங்கள் அந்நாட்டுக்கு உரியன. நம் நிலமும் வரி முறையும் வேறு. ஆயினும் எந்நாட்டுக்கும் பொதுவாகிய சில உண்மைகள் இவற்றிலிருந்து புலப்படுகின்றன.

1. அறிவிப்பு வந்தவுடன், அது ஒத்திவைப்பா, வஜாவா, நன்கொடையா, கடனா என்பதை முதலில் தெளிந்துகொள்ள வேண்டும்.

2. விபத்துக்கு முன் எழுதிய கணக்கே விபத்துக்குப் பின் உதவும். கால்நடையின் எண்ணிக்கை, மரங்களின் எண்ணிக்கையும் வயதும், கட்டிடத்தின் அளவு, கருவிகளின் விலை ஆகியவற்றைக் குறித்து, ஒரு பிரதியை வேறு ஊரில் உறவினரிடம் வைப்பது நலம். வீட்டோடு கணக்கும் எரிந்தால், எழுதிய பயன் இல்லை.

3. சேதமடைந்ததை அகற்றுமுன் அதனைப் படம் பிடித்தும், உத்தியோகஸ்தரை அழைத்துக் காட்டியும் பதிவு செய்ய வேண்டும்.

4. கெடு நாளை எழுதி வைக்க வேண்டும். துயரத்தில் நாட்கள் விரைந்து கழியும். சட்டம் அதற்காகக் காத்திருப்பதில்லை.

5. ஊரின் உத்தியோகஸ்தர்கள் மனு வரும் வரை வாளாவிருத்தல் தகாது. கலிபோர்னியாவில், சேதத்தை அறிந்த மதிப்பீட்டு அதிகாரி, விண்ணப்பம் செய்யாத உடையவருக்குத் தாமே நமூனாவை அனுப்பச் சட்டம் இடந்தருகிறது. எழுத்தறியாதவரும், வெளியூர் சென்றவரும், விதவைகளும், முதியோரும் இவ்விதம் தேடிச் சென்று அறிவிக்கத் தக்கவர்களாவர்.

தீ அணைந்த மறுநாளே நிவாரணம் வந்துவிடுவதில்லை. காம்ப் தீயில் நொந்தவர்க்கு வரி நியாயம் கிடைக்க ஆறாண்டுகள் ஆயின. அவ்விடைக்காலத்தைக் கடத்தத் துணையாவன, குடியானவர் ஒழுங்காக எழுதி வைத்த கணக்கும், அதனை நம்பி நேரிற் சென்று பார்த்து உடனே எழுதும் உத்தியோகஸ்தரின் கடமையுணர்ச்சியுமே யாகும்.